குச்சியை எங்கே நடுவது

மண்ணில் வாழும் உயிர்களைக் கணக்கெடுக்கும் வேலைக்குப் புதிதாக வருகிற நீங்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது பாம்பைப் பற்றித்தான். குழி தோண்டும்போது பாம்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, நான் ஏதாவது வீரக்கதை சொல்வேன் என்று காத்திருப்பீர்கள். பாம்பு வந்தால் ஓடுவேன். பூரானுக்கும் எருமைக்கும்கூட ஓடியிருக்கிறேன். ஆனால் ஓடித் தப்பிக்க முடியாத ஒரு பயம் இந்த வேலையில் இருக்கிறது. அது காலித் தட்டு.

உங்களுக்கு இப்போது வசதிகள் பெருகிவிட்டன. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து அனுப்பினால், அதில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று இயந்திரமே சொல்லிவிடுகிறது. எங்களுக்குக் கடப்பாரை, மண்வெட்டி, வெள்ளை எனாமல் தட்டு, கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான். ஒரு முழச் சதுரத்துக்கு மண்ணை வெட்டித் தட்டில் கொட்டி விரலால் உதிர்த்துக்கொண்டே போனால் மண்புழு, எறும்பு, கரையான், மரவட்டை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். மிக மோசமான மண்ணில்கூட ஓர் எறும்பாவது எரிச்சலோடு ஓடும். எதுவுமே அசையாத தட்டு அப்படியில்லை. ஆள் இல்லாத வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும். இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று தோன்றும். நாமும் கிளம்பிவிட வேண்டுமோ என்று அடுத்தபடியாகத் தோன்றும்.

அந்தப் பயத்தை நான் முழுதாகப் பார்த்தது சென்னைக்கு வடக்கே, சடையங்குப்பத்தில். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எண்ணூரிலிருந்து மணலி வரை ஆலைகளை ஒட்டிய நிலங்களில் மண் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. அந்தப் பக்கம் ஒரு நல்ல மழைக்கே தண்ணீர் தேங்கிவிடும். நிலம் தாழ்வு என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். புழுவும் எறும்பும் துளை போட்டு வைத்த மண்தான் தண்ணீரைக் குடிக்கும், அவை இல்லாத மண் குடிக்காது என்பது தெரியாத காரணம். மண்ணுக்குள் இருக்கிறவர்கள் நமக்காகச் செய்துகொண்டிருக்கும் வேலையை, அவர்கள் செய்வதை நிறுத்திய பிறகுதான் கணக்குப் பார்க்க ஆள் அனுப்புகிறார்கள். அனுப்பப்பட்ட ஆள் நான்.

கூட வந்தவர் ஏழுமலை. எங்கள் களப்பணி உதவியாளர், திருவொற்றியூர்க்காரர், வண்டியும் அவரே ஓட்டுவார். எனக்குத் தெரியாத பேச்சு அவருக்குத் தெரியும் என்பதால் எந்த ஊருக்குள்ளும் அவரை முன்னால் விட்டுப் பின்னால் போவது என் வழக்கம்.

எங்கள் முறை எளிமையானது. முதல் நாள் மாலை இடத்தைக் குறித்துக் குச்சி நட்டுவிடுவோம். குச்சி தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காக நுனியில் சிவப்புத் துணி கட்டுவோம். மறுநாள் விடிந்ததும் தோண்டுவோம். வெயில் ஏறினால் புழுக்கள் ஆழத்துக்குப் போய்விடும். எங்கே நடுவது என்பதை எங்களுக்கு வேலை கொடுத்த அரசு அலுவலகமே வரைபடத்தில் புள்ளி வைத்துக் கொடுத்திருந்தது. புள்ளிகள் எல்லாம் குடியிருப்புக்குள் இருந்தன. வீடுகளுக்குப் பின்னால், கீரைப் பாத்தி ஓரத்தில், பிள்ளைகள் விளையாடும் இடத்தில்.

புரட்டாசி மாதம். மழை இன்னும் இறங்கவில்லை. நாலைந்து குச்சி நட்டு முடிப்பதற்குள் எங்களைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. வீடுகளிலிருந்து பெண்கள் ஈரக் கையோடு வந்து நின்று சிவப்புத் துணியையே பார்த்தார்கள்.

"இன்னாண்ணா, அளக்குறீங்களா?" என்று ஏழுமலையிடம் ஒருத்தி கேட்டாள். முப்பது வயதுக்குள் இருக்கும், வயிறு நன்றாகத் தெரிந்தது, ஏழு மாதம் என்று நினைத்தேன். அவள் பெயர் கஸ்தூரி. நாங்கள் கடைசியாகக் குச்சி நட்ட கீரைப் பாத்தி அவளுடையது. அந்தக் கீரையை மணலிக்கு எடுத்துப்போய் விற்றுத்தான் அவள் வீட்டில் பாதி அடுப்பு எரிந்தது. வாயில் எதையோ அடக்கி மென்றுகொண்டே பேசினாள்.

"அளக்கல தங்கச்சி. மண்ணுல கீற பூச்சிய எண்ண வந்துகீறோம்."

கூட்டம் சிரித்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஏழுமலை இன்னும் கொஞ்சம் வேடிக்கையாக, பூச்சிக்கு ரேஷன் கார்டு தரப் போகிறோம் என்றெல்லாம் அளந்துவிட்டார். கஸ்தூரி மட்டும் சிரிக்கவில்லை.

"பூச்சி இல்லாங்காட்டி இன்னா பண்ணுவீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மண்ணு சரியில்லைன்னு எழுதுவோம்" என்றேன்.

சிரிப்பு நின்றது. பின்னால் இருந்த ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "அந்தாண்ட இருந்த குடிசைங்களயும் இப்டித்தாம்மா. மன்சன் இருக்கிற எடம் இல்லன்னு ஒரு பேப்பர் குட்த்தாங்க. எங்கியோ கொண்டும்போய்ப் போட்டாங்க. போனவங்க யாரும் வேலைக்குத் திரும்பி வர முடியல."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, யாரும் நம்பவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. வண்டி ஏறும்போது கஸ்தூரியிடம், "வாயில என்னம்மா?" என்று சும்மா கேட்டேன். "பாக்கு மேடம்" என்றாள்.

மறுநாள் காலை நாங்கள் போனபோது ஊரே எங்களுக்காகக் காத்திருந்தது. கஸ்தூரியின் பாத்தி ஓரத்திலிருந்து தொடங்கினோம். ஏழுமலை மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டித் தட்டில் சரித்தார். மண் உதிர்ந்தது. நடுவில் கைப்பிடி அளவுக்குச் சிவப்புப் புழுக்கள் ஒரே உருண்டையாகக் கிடந்தன.

"மேடம், சூப்பரா கீது மேடம்" என்றார் ஏழுமலை. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது.

எனக்கு முதலில் சந்தோஷம்தான். ஒரு விநாடிதான் அந்தச் சந்தோஷம். அந்தப் புழுக்கள் சாணிக் குப்பையில் வாழும் ரகம். மண்ணைத் தின்று வாழும் புழு வெளிறி, சாம்பல் நிறமாக, தனித்தனியாகத் திரியும். இவை சாணியையும் மக்கிய குப்பையையும் விட்டு வெளியே வராதவை. அதோடு உருண்டையைச் சுற்றி ஓர் எறும்புகூட இல்லை. அடுத்த குழியிலும் அப்படியே ஓர் உருண்டை. அதற்கடுத்ததிலும். எல்லாம் ஒரே ஆழத்தில், கையால் வைத்த மாதிரி. கையால் வைத்ததுதான்.

சிரிப்பு வர வேண்டிய இடம். இரவோடு இரவாக யாரோ வாளியைத் தூக்கிக்கொண்டு போய் குடியிருப்பின் கோடியில் இருந்த எருமைக் கொட்டகைக் குப்பையைக் கிளறிப் புழு பொறுக்கி வந்து, எங்கள் குச்சிக்கடியில் குடிவைத்திருக்கிறார்கள். இந்த வேலையில் இப்படி ஒரு தில்லுமுல்லு நடந்ததாக நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. ஆனால் விரலால் அந்த உருண்டையைப் பிரித்தபோது சிரிக்க முடியவில்லை. பாதிப் புழுக்கள் செத்திருந்தன. உடல் வெளுத்து, ஊதி, தொட்டால் பிசுபிசுவென்று வந்தன. மீதிப் புழுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மண்ணைத் தொடாமல் இருக்கப் பார்த்தன. உருண்டையாக இருந்ததற்குக் காரணம் அதுதான். வைத்தவர்கள் உருட்டி வைக்கவில்லை, புழுக்களே மண்ணுக்குப் பயந்து சுருண்டிருந்தன. சாணியில் தலைமுறை தலைமுறையாகச் சுகமாக வாழும் உயிர். இந்த மண் அதை ஓர் இரவுகூட விட்டுவைக்கவில்லை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலில் செருப்பு இல்லை. கீரைப் பாத்தி பச்சையாக இருந்தது. இவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இதை எப்படி எழுதினால் யாருக்கு என்ன ஆகும் என்றும் தெரியவில்லை.

கையைக் கழுவுகிற சாக்கில் கஸ்தூரியை வண்டிப் பக்கம் கூட்டிப்போனேன். "ராத்திரி யாரு வச்சது?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாருந்தான் மேடம். நாந்தான் இட்டுகினு போனேன். மாட்டுக் கொட்டாய்ல நெறிய கீது. ரெண்டு மாசத்துல புள்ள பொறக்கப் போவுது. எங்கனா கொண்டும்போய்ப் போட்டா நா இன்னா பண்ணுவேன்? பூச்சி கீதுன்னு எய்திடுங்க மேடம். உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

அப்போதுதான் ஜீப் வந்தது. கணக்கெடுப்பைப் பொறுப்பேற்று நடத்தும் அலுவலகத்தின் பொறியாளர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவசரக்காரர். தட்டை எட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"இவ்வளவு புழுவா? அப்புறம் என்ன மேடம், நல்ல மண்ணுதானே. உயிர் இருக்குன்னு எழுதிடுங்க. இங்க சுத்தம் பண்ண வேண்டிய செலவு மிச்சம்."

"இல்லைன்னு எழுதினா?" என்றேன்.

"அப்ப வாழத் தகுதியில்லாத இடம்னு போயிடும். ரெண்டுல ஒண்ணுதானே. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கஸ்தூரி பக்கத்தில் நின்றாள். அவளுக்கு இரண்டு பக்கமும் புரிந்துவிட்டது என்று அவள் முகம் சொன்னது. புழு இருக்கிறது என்று எழுதினால் இந்த மண் இப்படியே கிடக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இல்லை என்று எழுதினால் அவள் வீடு போகும். முதல் வாக்கியம் பொய். இரண்டாவது உண்மை, ஆனால் அந்த உண்மையை வைத்து அவர்கள் செய்யப் போகும் காரியம் அநியாயம்.

தம்பிகளே, தங்கைகளே, இப்படி ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும். உங்களிடம் யாரோ இரண்டு பதில்களை நீட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். கேள்வியே தப்பான இடத்தில் நிற்கிறதோ என்று அந்த நேரத்தில் யோசிப்பது கஷ்டம். பயத்தில் மூளை வேலை செய்யாது. எனக்கும் செய்யவில்லை. நான் சும்மா கண்ணைத் திருப்பினேன், அவ்வளவுதான். வீடுகளுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடியது. ஒரு பெரிய மதில் சுவரின் அடியிலிருந்து வெளியே வந்து, குடியிருப்பை ஒட்டி வளைந்து, எருமைக் கொட்டகைப் பக்கத்தில் வேறு திசைக்குத் திரும்பியது. அந்தச் சுவருக்கு உள்ளே யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை, அது இந்தக் கதைக்குத் தேவையும் இல்லை. வரைபடத்தில் அந்தக் கால்வாய் கிடையாது. எங்கள் குச்சிகள் எல்லாம் வீடுகளைச் சுற்றியே நின்றன.

வீட்டைச் சுற்றி மட்டும் குச்சி நட்டால் வீடுதான் குற்றவாளி ஆகும். எனக்கு அப்போது தோன்றியது இது ஒன்றுதான்.

"சார், இந்தக் குழிகளை எண்ண முடியாது" என்றேன். "மண்ணு கலைஞ்சிருக்கு. கலைஞ்ச மண்ணை நாங்க எண்ணக் கூடாது. மறுபடி நடணும். கால்வாய் ஆரம்பிக்கிற இடத்திலேர்ந்து அது திரும்புற மேடு வரைக்கும்."

"மேப்ல கால்வாய் இல்லையே."

"மேப்ல இல்ல. தரையில இருக்கு."

யார் கலைத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு நாள் தருகிறேன், நாளைக்கு மத்தியானம் எண்ணிக்கை வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்று மாலை குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு கால்வாயை ஒட்டி நடந்தோம். சுவரடியில் முதல் குச்சியை நட்டபோதே பைக்கில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். யார் அனுப்பினார்கள் என்று தெரியாது. ஒருவன் இறங்காமலே பேசினான்.

"யாரக் கேட்டு நட்றீங்க?"

"கணக்கெடுப்புங்க. அரசாங்க வேலை" என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

அவன் காலை நீட்டிக் குச்சியை மிதித்தான். குச்சி முறிந்தது. "காலைல இங்க ஒரு குச்சி இருக்காது. நீங்களும் வராதீங்க" என்று சொல்லிவிட்டு, பைக்கைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பார்த்தார்கள். முறிந்த குச்சியைப் பொறுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன். நான் பயந்தது ஏழுமலைக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். "குந்துங்க மேடம், ஒண்ணியும் இல்ல" என்று அவர் சொன்னபோது தெரிந்துவிட்டது என்று புரிந்தது. ஒன்றும் இல்லை என்று சொன்ன அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

அதே இடத்தில் வேறு குச்சி நட்டோம். மேடு வரைக்கும் நட்டு முடித்தோம். ஆனால் காவலுக்கு யார் இருப்பது? நாங்கள் போனால் பிடுங்கிவிடுவார்கள், அல்லது தோண்ட வேண்டிய இடத்தில் எதையாவது கொட்டிவிடுவார்கள். கலைந்த மண்ணை எண்ணக் கூடாது என்று காலையில் நானே சொல்லியிருக்கிறேன்.

கஸ்தூரி தன் வீட்டுக்குள் போய் ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் குடத்தை எடுத்து வந்தாள். சுவரடிக் குச்சியின் பக்கத்தில், சரியாகக் குழி தோண்ட வேண்டிய இடத்தின் மேல் வைத்தாள். "போய் உங்க கொடத்த எட்த்துகினு வாங்க" என்று மற்றப் பெண்களிடம் சொன்னாள்.

அப்போதெல்லாம் அந்தப் பக்கம் லாரித் தண்ணீர்தான். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். வரிசையில் வைத்த குடத்தை இன்னொருத்தர் நகர்த்துவது அங்கே நினைத்துப் பார்க்க முடியாத காரியம். நகர்த்தினால் தெருவே திரண்டு வரும். இரண்டு பேரும் பைக்கில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, குச்சிக்கு ஒன்றாகப் பச்சை, நீலம், ஆரஞ்சு நிறத்தில் குடங்கள் கால்வாய் நெடுக வரிசையாக வந்து உட்கார்ந்தன.

"கொடம் வச்ச எடத்துல எவன் கை வப்பான், பாத்துடலாம்" என்றாள் கஸ்தூரி. சத்தமாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் கை வயிற்றைப் பிடித்திருந்தது. அவளும் பயந்துகொண்டுதான் இருந்தாள்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. குடங்கள் தண்ணீர் இல்லாத குடங்கள், உதைத்தால் உருண்டுவிடும். அதற்காக யாராவது அடிபட்டால் அது என் குச்சியால் வந்த அடி. இதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டே விடியலுக்குக் காத்திருந்தேன்.

காலையில் குடங்கள் வைத்தபடியே இருந்தன.

சுவரடியிலிருந்து தோண்டினோம். தட்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவது தட்டிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. மண்ணை எவ்வளவு மெதுவாக உதிர்த்தும் ஓர் எறும்புகூட ஊர்ந்து வரவில்லை. எருமைக் கொட்டகையைத் தாண்டி, கால்வாய் விலகிப் போகும் மேட்டுக்கு வந்தபோதுதான் ஒரு தட்டில் எறும்புகள் ஓடின. அதற்கடுத்ததில் வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு மண்புழு. கடைசித் தட்டில் மரவட்டை, கரையான், புழு என்று எண்ணி முடிக்க நேரமாகியது.

தட்டுகளை, குழி தோண்டிய வரிசையிலேயே தெருவில் வைக்கச் சொன்னேன். இதற்குப் படிப்பு தேவையில்லை. சுவரிலிருந்து நடந்து வந்தால் போதும், எங்கே உயிர் இல்லை, எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியும். மத்தியானம் பொறியாளர் வந்து அந்த வரிசையை இரண்டு தரம் நடந்தார். இரண்டாவது தரம் நடக்கும்போது வேகம் குறைந்திருந்தது. "கால்வாய் போகும் வழியெல்லாம் மண் செத்திருக்கிறது, கால்வாயை விட்டு விலக விலக உயிர் கூடுகிறது" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை வைத்து யாருடைய வீட்டையும் காலி செய்ய முடியாது. கால்வாயைத்தான் கேள்வி கேட்க முடியும். படித்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார்.

இந்த இடத்தில் நிறுத்தினால் இது ஒரு நல்ல கதை. கூட்டங்களில் நான் இங்கேதான் நிறுத்துவேன். உங்களிடம் மீதியையும் சொல்கிறேன்.

எல்லோரும் தட்டுகளைச் சுற்றி நின்றபோது கஸ்தூரி மட்டும் அங்கே இல்லை. வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் போனதும் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே காய்ந்த மண்கட்டிகள், சின்னச் சின்னதாக உடைத்து வைத்தவை.

"பாக்கு இல்ல மேடம்" என்றாள். "மசக்க வந்ததுலேர்ந்து மண்ணு வாசன இல்லாம இருக்க முடியல. அந்தப் பாத்தி ஓரத்து மண்ணுதான். மய பேஞ்சா முன்னெல்லாம் வாசன வரும், இப்ப வர்றதில்ல. வாயில போட்டாக்கா லேசா வராப்பல இருக்கும்."

நான் ஒரு கட்டியை எடுத்து விரலால் உதிர்த்தேன்.

"பூச்சி ஒரு ராத்திரி தாங்கல" என்றாள். "நா இத்தினி மாசமா துன்னுகினு கீறேன். உள்ள கீறது இன்னா ஆவும் மேடம்?"

இந்த வேலையில் என்னிடம் எத்தனையோ பேர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பயப்படுகிறேன். ஒன்றும் ஆகாது என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவள் அன்றைக்குத் தூங்கியிருப்பாள், நாளைக்கும் தின்றிருப்பாள். "எனக்குத் தெரியாதும்மா. இனிமே ஒரு துளி வாயில வைக்காதே. கீரையும் வேண்டாம். வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன். தட்டுகளைக் கழுவிக்கூட வைக்காமல், அவளை வண்டியில் ஏற்றி ராயபுரத்துக்குப் போனோம். வழியெல்லாம் அவள் முந்தானை முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தாள். தண்டையார்பேட்டை தாண்டும்போது சன்னல் வழியாக அதை வெளியே உதறினாள். டாக்டரம்மா ரத்தம் எடுத்தார், மாத்திரை கொடுத்தார், திட்டினார். பார்க்கலாம் என்றார். அதற்கு மேல் அவராலும் சொல்ல முடியவில்லை.

ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. உயிரோடு இருந்தது. கால்வாயின் வாயை அடைக்க அதற்குப் பிறகும் நீண்ட காலம் ஆனது. எங்கள் அறிக்கையால்தான் அடைத்தார்கள் என்று நான் மார் தட்டிக்கொள்ள மாட்டேன், வேறு பலரும் போராடினார்கள். வீடுகளை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. கஸ்தூரி கீரைப் பாத்தியை மேட்டுக்கு மாற்றிக்கொண்டாள். மழைக் காலம் முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் நான் அதே இடங்களில் குச்சி நடப் போவேன். அலுவலகம் கேட்டதால் போகவில்லை. அந்தக் குழந்தையைப் பார்க்கப் போனேன். மற்றக் குழந்தைகள் நடக்கும் வயதில் அவள் நடக்கவில்லை. பேசவும் நாளானது. ஒவ்வொரு தடவையும் கஸ்தூரி காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த மண்ணாலயா மேடம்?" என்று கேட்பாள். ஒவ்வொரு தடவையும் தெரியாது என்பேன். உண்மையாகவே தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்களை நீங்கள் நம்ப வேண்டாம், அவர்களாக நீங்கள் ஆகவும் வேண்டாம்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் கடைசியாகப் போனேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. கஸ்தூரி வீட்டுப் பின்புறம், பழைய பாத்தி இருந்த இடத்தில் ஏழுமலை தோண்டிக்கொண்டிருந்தார். தட்டில் சில எறும்புகள் ஓடின. நான் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தச் சிறுமி குழியோரம் வந்து குந்தி, ஒரு பிடி மண்ணை அள்ளி முகத்துக்குக் கொண்டு போனாள். நான் கத்திவிட்டேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் யாரையும் பார்த்துக் கத்தியதில்லை. அவள் பயந்துபோய் அப்படியே உறைந்துவிட்டாள்.

கஸ்தூரி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பயந்துக்காதீங்க மேடம்" என்றாள். "அது துன்னாது. மோந்து பாக்குது."

நான் அந்தச் சின்னக் கையைப் பிடித்து என் மூக்கருகே கொண்டுவந்தேன். ஈர மண்ணின் வாசனை லேசாக, மிக லேசாக வந்தது. உயிருள்ள மண்ணில் மட்டுமே வருகிற வாசனை அது. அது உங்களுக்கும் தெரியும். பிறகு அவளைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய், நகக்கண்ணில் ஒரு துளிகூட இல்லாமல், இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.